வைஃபை பிளான் பண்றது, கண்காணிக்கிறது, சரி பண்றது: எப்பவும் வர்ற கேள்விகளும் பதில்களும்

வைஃபை போட்டுக் குடுக்கிற வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன், ஆபீஸ், ஹாஸ்டல், படிப்பகம், குடோன்னு எல்லா மாதிரி கட்டடத்துலயும் ஏணி போட்டு ஏறியாச்சு. எங்க போனாலும் இதே கேள்விங்கதான் திரும்பத் திரும்ப வருது, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெக்கிறேன். கீழ ஏபின்னு வர்ற எடமெல்லாம் ஆக்சஸ் பாயின்ட், சீலிங்ல வட்டமா சதுரமா ஒட்டியிருக்குமே அந்தப் பொட்டி. வீட்டு ரௌட்டருக்குள்ளயும் ஒரு ஏபி இருக்கு.

ஃபோன்ல ஃபுல் கோடு காட்டுது, ஆனா நெட் ஊர்ந்துக்கிட்டே போகுது. ஏன்?

அந்தக் கோடுங்க சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: ஏபி பேசறது உங்க ஃபோனுக்கு எவ்ளோ நல்லா கேக்குதுன்னு. உங்க ஃபோன் பேசறது ஏபிக்கு கேக்குதா, நடுவுல எத்தனை பேர் காத்துக்கிட்டு நிக்கிறாங்க, எவ்ளோ இரைச்சல் இருக்கு, இதெல்லாம் அதுல தெரியவே தெரியாது.

வைஃபை ஒத்தையடிப் பாதை மாதிரி. ஒரு சேனல்ல, அதாவது ஏபியும் கருவிங்களும் பேசிக்கிற அலைவரிசைத் துண்டுல, ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசணும், அந்த ஒருத்தர்ல ஏபியும் சேர்த்தி. ஒவ்வொரு கருவியும் பேசறதுக்கு முன்னாடி காது குடுத்துக் கேக்கும், காலியா இருந்தா மனசுக்குள்ள ஒரு நம்பர எண்ணி முடிச்சு அப்புறம்தான் அனுப்பும், அனுப்பினதுக்கு எதிர்ப்பக்கத்துலேர்ந்து 'கிடைச்சுது'ன்னு ஒரு குட்டி பதில் வரணும், வரலைன்னா மறுபடியும் மொதல்லேர்ந்து கேட்டு, எண்ணி, அனுப்பணும். வைஃபை 6லேர்ந்து ஏபி ஒரே சேனல சில பேருக்கு ஒரே நேரத்துல பிரிச்சுக் குடுக்கும், ஆனா சேனல் காலியாகிற வரைக்கும் காத்திருக்கிற விதி அப்படியேதான் இருக்கு.

அப்போ இங்க தட்டுப்பாடு நேரத்துக்குத்தான். இத ஏர்டைம்னு சொல்லுவோம். 1500 பைட் டேட்டாவ 54 எம்பிபிஎஸ்ல அனுப்பினா ஏறக்குறைய 0.22 மில்லிசெகண்ட்ல முடிஞ்சிடும், அதே 1500 பைட்ட 1 எம்பிபிஎஸ்ல அனுப்பினா 12 மில்லிசெகண்ட் ஆகும், அதாவது மூலையில சிக்னல் செத்துப்போய் ஒட்டிக்கிட்டு இருக்கிற ஒரு பழைய கருவி அம்பது பேர் போக வேண்டிய நேரத்த தான் ஒருத்தனே எடுத்துக்கும், அவ்ளோ நேரமும் ஏபிக்கு நேர் கீழ ஃபுல் கோடு வெச்சிட்டு உக்காந்திருக்கிற நீங்க காத்துக்கிட்டே இருக்கணும். இந்த ஏர்டைம் கணக்கு மட்டும் மனசுல உக்காந்துட்டா கீழ வர்ற பாதி பதில் உங்களுக்கே தோணிடும்.

மைனஸ் 60, மைனஸ் 75ன்னு ஆப்ல காட்டுது, அதுல எது நல்லது?

அது டிபிஎம் கணக்கு. 0 டிபிஎம்னா 1 மில்லிவாட். 3 டிபி குறைஞ்சா சக்தி பாதி, 10 டிபி குறைஞ்சா பத்துல ஒரு பங்கு. மைனஸ் 67னா ஒரு மில்லிவாட்டுல 50 லட்சத்துல ஒரு பங்கு, அவ்ளோ துளியூண்ட வெச்சுத்தான் உங்க ஃபோன் வீடியோ கால் ஓட்டுது, எனக்கு இப்பவும் இது பிரமிப்பாத்தான் இருக்கு.

வாய்ஸ், வீடியோ கால் நல்லா போகணும்னா மைனஸ் 67ஓ அத விட நல்லாவோ இருக்கிற மாதிரி பிளான் பண்ணுவோம். மைனஸ் 75 தாண்டி கீழ போயிட்டா மெசேஜ் போகும், கால் வெட்டும். ஆனா சிக்னல் மட்டும் பாத்து ஏமாந்துடாதீங்க, இரைச்சல் எவ்ளோன்னும் பாக்கணும். சிக்னல் மைனஸ் 67, இரைச்சல் மைனஸ் 95னா நடுவுல 28 டிபி இடைவெளி, அருமை. அதே சிக்னலுக்கு இரைச்சல் மைனஸ் 80ன்னா வெறும் 13 டிபி, அங்க வேகம் படுத்துடும். 25 டிபி இடைவெளி இருக்கிற மாதிரி பாத்துக்கோங்க.

பிளான் எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? ஒரு ஏபிக்கு எத்தனை பேர்?

எல்லாரும் 'எத்தனை சதுர அடிக்கு ஒரு ஏபி'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. நான் மொதல்ல கேக்கிறது எத்தனை பேர் ஒரே நேரத்துல உக்காருவாங்க, கையில என்னென்ன கருவி, அதுல என்ன பண்ணுவாங்க, இந்த மூணும்தான். அப்புறம் இருக்கிறதுலயே வீக்கான கருவி எது? பார்கோட் ஸ்கேனர், பழைய பிரிண்டர் மாதிரி ஒண்ணு கண்டிப்பா இருக்கும், அதுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தெரியுமா, இல்ல பழைய 2.4 மட்டும்தானான்னு பாக்கணும், ஏன்னா அதுக்குத் தகுந்த மாதிரிதான் மொத்த பிளானும் போகும்.

ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். ஒரு ஹால்ல 40 பேர், எல்லாரும் ஒரே நேரத்துல வீடியோ கால், ஆளுக்கு 3 எம்பிபிஎஸ்னு வெச்சா 120 எம்பிபிஎஸ் வேணும். பொட்டி மேல ஆயிரக்கணக்குல நம்பர் போட்டிருக்கும், அத மறந்துடுங்க. சாதாரண ஃபோன், லேப்டாப்ல ரெண்டு ஆன்டெனாதான், வைஃபை 6ல 20 மெகாஹெர்ட்ஸ் அகல சேனல்ல அதுக்கு அதிகபட்ச லிங்க் வேகமே 287 எம்பிபிஎஸ் கிட்டத்தான், அதுவும் ஏபிக்குப் பக்கத்துல நின்னா. ஹால்ல பரவி உக்காந்திருக்கிறவங்களுக்கு சராசரியா 150 கிடைக்குதுன்னு வைங்க, அதுல பாதி காத்திருக்கிறதுலயும் பதில் அனுப்பறதுலயும் போயிடும், கையில நிக்கிறது 75. அப்போ 120க்கு ஒரு ஏபி பத்தாது, வேற வேற சேனல்ல ரெண்டு வேணும், கொஞ்சம் இடம் விட்டு வெக்கணும்னா 40 மெகாஹெர்ட்ஸுக்கு போறதா இல்ல மூணாவது ஏபி போடறதான்னு அப்புறம் யோசிக்கலாம். ஹால் சின்னதா இருந்தா ஒரே ஏபி சிக்னல் மூலை முடுக்கெல்லாம் போகும், ஆனாலும் பத்தாது, இங்கதான் நெறைய பேர் சறுக்குறாங்க.

இந்தக் கணக்கெல்லாம் ஒரு பேப்பர்ல அரை மணி நேர வேலை. தயவுசெஞ்சு பொட்டி வாங்கறதுக்கு முன்னாடி போடுங்க.

சாஃப்ட்வேர்ல ஃப்ளோர் பிளான் போட்டா பத்தாதா, நேர்ல போய் அளக்கணுமா?

சாஃப்ட்வேர் பிளான் நல்ல ஆரம்பம், எக்கஹாவ், நெட்ஸ்பாட் மாதிரி டூல்ல சுவர் வரைஞ்சு ஏபி வெச்சா கலர் மேப் வரும். ஆனா அதுக்கு நீங்க என்ன சுவர்னு சொன்னீங்களோ அதுதான் தெரியும். ஜிப்சம் போர்டு சுவர் 3 டிபி தின்னும், செங்கல் அத விட நல்லாவே கூட, கான்கிரீட் 12, 15ன்னு போகும், லிஃப்ட் ஷாஃப்ட், இரும்பு பீரோ வரிசை எல்லாம் அந்தப் பக்கம் ஒண்ணும் போகாது. சந்தேகம் இருந்தா ஒரு ஏபிய ஸ்டாண்டுல கட்டி, பேட்டரியில ஓட்டி, சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தடவ அந்தப் பக்கம் ஒரு தடவ அளந்து பாத்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை, அந்தச் சுவரோட உண்மை நம்பர் கையில வந்துடும்.

ஒரு குடோன்ல நடந்தத சொல்றேன். கட்டி முடிச்சு காலியா இருக்கும்போது சர்வே, எல்லா எடத்துலயும் மைனஸ் 60 கிட்ட, எல்லாருக்கும் சந்தோஷம். ரெண்டு மாசம் கழிச்சு ஸ்கேனர் எதுவும் நிக்க மாட்டேங்குதுன்னு கூப்பிட்டாங்க. உள்ள போய் பாத்தா ரேக் முழுக்க கூரை வரைக்கும் தண்ணி பாட்டில் பெட்டி. தண்ணி ரேடியோ அலைய நல்லா உறிஞ்சும், ஒரு ரேக் வரிசை தாண்டி அடுத்த சந்துக்குள்ள நின்னா மைனஸ் 84. ஏபி எல்லாத்தையும் கழட்டி சந்துக்கு ஒண்ணா, சந்து நீளத்தப் பாத்த மாதிரி திசை ஆன்டெனா போட்டு மறுபடியும் மாட்டினோம். மொதல்லயே 'இங்க என்ன அடுக்கப் போறீங்க'ன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா அந்த ரெட்டை வேலை இல்ல. மனுஷ உடம்பும் தண்ணிதான், கூட்டம் நிறைஞ்ச ஹாலுக்கும் காலி ஹாலுக்கும் சில டிபி வித்தியாசம் வரும்.

ஏபிய காரிடர்ல வரிசையா வெச்சா கேபிள் மிச்சம், வெக்கலாமா?

வேண்டாம். காரிடர்ல ஏபிங்க ஒண்ண ஒண்ணு தடையே இல்லாம பாத்துக்கும், ஒரே சேனல்ல இருக்கிறதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு நிக்கும், ஆனா ரூமுக்குள்ள இருக்கிற ஆளுக்கு சுவரும் கதவும் தாண்டி மீதிதான் கிடைக்கும். நாலு ரூமுக்கு ஒண்ணுன்னு உள்ள வெச்சீங்கன்னா சுவரே ஏபிங்கள பிரிச்சு வெக்கும். சுவர் எதிரின்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, நல்ல பிளான்ல சுவர்தான் நம்ம பக்கம்.

ஏபியோட பவர ஃபுல்லா ஏத்தி வெச்சா பிரச்சனை தீருமா?

தீராது, கூடும். ஏபி 23 டிபிஎம்ல கத்தும், ஃபோன் 12லேர்ந்து 15 டிபிஎம்தான் பேசும். ஏபி சொல்றது ஃபோனுக்கு நல்லா கேக்கும், ஃபோன் பதில் சொல்றது ஏபிக்கு கேக்காது. கோடு ஃபுல்லா இருக்கு கால் வெட்டுதுன்னு வர்ற கம்ப்ளைன்ட்ல நெறைய இதுதான். அதோட பக்கத்து ஏபி எல்லாத்துக்கும் இந்தச் சத்தம் போய் அதுங்களையும் காக்க வெக்கும். ஒரு ஏபி இன்னொரு வைஃபை பேச்ச மைனஸ் 82 கிட்ட கேட்டாலே வாய மூடிக்கும், அவ்ளோ தூரம் போகிற சத்தத்த நாமதான் அளவா வெக்கணும். உங்க கருவிங்க பேசற அளவுக்கு சமமா, கூட்டமான எடத்துல 5 கிகாஹெர்ட்ஸ்க்கு 12லேர்ந்து 17 டிபிஎம், 2.4க்கு அதவிட ஒரு 6 டிபி கம்மியா வெச்சு ஆரம்பிங்க. அப்புறம் அளந்து பாத்து ஏத்தி இறக்கலாம்.

2.4 கிகாஹெர்ட்ஸ்ல 1, 6, 11 மட்டும்தானா? 3, 4, 8 எல்லாம் காலியாத்தான இருக்கு?

சேனல் நம்பர் ஒவ்வொண்ணும் 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளித்தான் இருக்கு, ஆனா ஒரு ஏபி எடுத்துக்கிற அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 1ஓட நடு 2412, 6ஓட நடு 2437, 11ஓட நடு 2462, இந்த மூணுதான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம நிக்கும். 3ல வெச்சீங்கன்னா 1ல இருக்கிறவங்களுக்கும் தொல்லை 6ல இருக்கிறவங்களுக்கும் தொல்லை, உங்களுக்கும் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் அடி. ஒரே சேனல்ல இருந்தாலாவது ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்கு புரிஞ்சு வரிசையில நிப்பாங்க. பாதி பாதியா ஏறினா பேச்சு புரியாது, வெறும் இரைச்சலா வரும், பேக்கெட் (அனுப்பற டேட்டா துண்டு) உடையும், மறுபடி அனுப்பணும். அதனால கூட்டமா இருந்தாலும் 1, 6, 11லயே இருங்க, 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் 2.4ல வெக்கவே வெக்காதீங்க. ஏபி நெருக்கமா இருக்கிற கட்டடத்துல பாதி ஏபியில 2.4 ரேடியோவ அணைச்சு வெக்கிறதுதான் நான் பண்றது, யாரும் வித்தியாசம் கேட்டு வந்ததில்ல.

5 கிகாஹெர்ட்ஸ்ல 80, 160 அகலம் வெச்சா வேகம் ஜாஸ்தியாகுமே?

தனி வீட்ல ஒரே ஏபின்னா 80 வைங்க, தப்பில்ல. ஏபி பத்து இருபதுன்னு இருக்கிற எடத்துல அகலம் ரெட்டிப்பானா தனித்தனி சேனல் பாதியாகும், இரைச்சலும் 3 டிபி கூடும். ஒருத்தர் ஸ்பீட் டெஸ்ட் போட்டா நம்பர் அழகா வரும், அம்பது பேர் உக்காந்தா எல்லாரும் ஒரே சேனல்ல மோதிக்கிட்டு நிப்பாங்க. நெருக்கமான எடத்துக்கு 20, கொஞ்சம் விசாலமா இருந்தா 40.

ரேடார் சேனல் பத்தியும் சொல்லணும். 52லேர்ந்து 144 வரைக்கும் இருக்கிற சேனல்ல ரேடாருக்குத்தான் முதல் உரிமை. ஏபி அங்க போகணும்னா மொதல்ல 60 செகண்ட் சும்மா கேட்டுட்டு இருக்கணும், ஓடிக்கிட்டு இருக்கும்போது ரேடார் சத்தம் கேட்டா 10 செகண்டுக்குள்ள காலி பண்ணணும், அப்புறம் அரை மணி நேரம் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கக் கூடாது. பயந்துக்கிட்டு மொத்தமா ஒதுக்கிடாதீங்க, 5ல பாதிக்கு மேல இடம் அங்கதான் இருக்கு. போட்டுப் பாத்து லாக்ல ரேடார்னு எந்தெந்த சேனல் வருதோ அத மட்டும் எடுத்துடுங்க. எந்த சேனலுக்கு எங்க அனுமதின்னு நாட்டுக்கு நாடு மாறும், ஏபியில நாட்டு செட்டிங் சரியா இருக்கணும், அதுல விளையாடக் கூடாது.

வைஃபை 6ஈ, வைஃபை 7 வாங்கினா இந்தத் தலைவலி எல்லாம் போயிடுமா?

ஓரளவுக்கு. இது ரெண்டும் 6 கிகாஹெர்ட்ஸ்லயும் பேசும். அங்க பழைய கருவி எதுவும் கிடையாது, அதுனால 1 எம்பிபிஎஸ்ல இழுத்துக்கிட்டு போற ஆளே இல்ல, இடமும் தாராளம். அமெரிக்காவுல 2020ல 1200 மெகாஹெர்ட்ஸ் மொத்தமா திறந்து விட்டாங்க, பல நாட்டுல அதுல கீழ்ப்பகுதி மட்டும்தான். ஆனா ஃபோன், லேப்டாப்புக்கு 6 தெரிஞ்சாத்தான் பலன், சுவர் தாண்டறதுல 5ஐ விடவும் கொஞ்சம் வீக். 1997ல வைஃபையோட முதல் தரம் 802.11 வந்தப்போ வேகம் 2 எம்பிபிஎஸ், இன்னிக்கு ஆயிரக்கணக்குல போகுது, ஆனா கேட்டுட்டு பேசற விதி மாறல. தப்பான எடத்துல மாட்டின ஏபிய கழட்டி அதே எடத்துல வைஃபை 7 மாட்டினா தப்பான எடத்துல வைஃபை 7 இருக்கும், அவ்ளோதான். வாங்கறதுக்கு முன்னாடி, ஏபிக்கு கேபிள் வழியாவே கரண்ட் குடுக்கிற ஸ்விட்சோட பவரும் பாருங்க, புது ஏபி நெறைய பழைய 15.4 வாட் போர்ட்ல ஏதோ ஒரு ரேடியோவ அணைச்சுட்டுத்தான் எழுந்திருக்கும்.

ஸ்டாஃபுக்கு ஒண்ணு, கெஸ்ட்டுக்கு ஒண்ணு, மேனேஜருக்கு ஒண்ணு, பிரிண்டருக்கு ஒண்ணுன்னு எத்தனை பேர்ல வைஃபை விடலாம்?

மூணோட நிறுத்திக்கோங்க, ரொம்ப முடியலைன்னா நாலு. ஒவ்வொரு பேரும் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ 'நான் இங்க இருக்கேன்'னு கூவும், அதுக்கு பீக்கன்னு பேர். 2.4ல பழைய கருவிக்காக அது 1 எம்பிபிஎஸ்ல போச்சுன்னா, 300 பைட் பீக்கனுக்கு ஏறக்குறைய 2.6 மில்லிசெகண்ட், அதாவது ஒரு பேருக்கே ரெண்டரை சதவீத ஏர்டைம். அஞ்சு வைஃபை பேர் வெச்சு, ஒரே சேனல்ல மூணு ஏபி ஒண்ணுக்கொண்ணு கேக்கிற மாதிரி இருந்தா 15 பீக்கன், யாரும் ஒரு பைட்டும் அனுப்பாமலே 38 சதவீதம் போச்சு. குறைஞ்சபட்ச வேகத்த 6 இல்லைன்னா 12 எம்பிபிஎஸ்னு ஏத்தி விட்டா இது சட்டுனு குறையும், 802.11பி காலத்து கருவி எதுவும் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு மாத்துங்க. பேர மறைச்சு வெச்சாலும் பீக்கன் போயிக்கிட்டேதான் இருக்கும். ஆள் வகை பிரிக்கணும்னா ஒரே பேர்ல லாகின் வெச்சு விஎல்ஏன் (ஒரே கேபிள்ல தனித்தனியா ஓடற உள் நெட்வொர்க்) பிரிக்கலாம்.

நடந்து போகும்போது ஃபோன் பழைய ஏபியையே கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருக்கு, புதுசுக்கு மாற மாட்டேங்குது.

எப்ப மாறணும்னு முடிவு பண்றது ஃபோன்தான், ஏபி இல்ல. ஐஃபோன் மைனஸ் 70க்கு கீழ போனாத்தான் வேற ஏபி தேடவே ஆரம்பிக்கும், மத்த கருவிங்களுக்கு அதுஅதுக்கு ஒரு கணக்கு. நாம பண்ண முடிஞ்சது சூழ்நிலைய சாதகமா வெக்கிறது: ஒண்ணு மைனஸ் 70க்கு இறங்குற எடத்துல அடுத்தது மைனஸ் 67 கிட்ட கேக்கணும், பவர் அளவா இருக்கணும். 802.11கே போட்டா பக்கத்துல எந்தெந்த ஏபி இருக்குன்னு ஃபோனுக்கு லிஸ்ட் போகும், வி போட்டா 'அங்க போயேன்'னு ஏபி யோசனை சொல்லும், ஆர் போட்டா மாறும்போது பாஸ்வேர்ட் சடங்கு சுருங்கும். ஆர்ல சில பழைய கருவி தடுமாறும், ஒரு ஏபியில டெஸ்ட் பண்ணிட்டு பரப்புங்க.

ரிப்பீட்டர், மெஷ் போடலாமா?

கேபிள் இழுக்க வழி இருந்தா கேபிள்தான். ஒரே ரேடியோவுல வாங்கி அதே சேனல்ல திருப்பி அனுப்பற ரிப்பீட்டர் ஒவ்வொரு பேக்கெட்டையும் ரெண்டு தடவ காத்துல விடுது, வேகம் பாதிக்குப் பாதி. வேற வழியே இல்லைன்னா பின்பக்க இணைப்புக்கு தனி ரேடியோ இருக்கிற மெஷ் (ஒண்ணுக்கொண்ணு காத்துலயே இணையற ஏபி செட்டு) வாங்கி, சிக்னல் செத்துப்போன எடத்துல வெக்காம அதுக்கு பாதி வழியில, இன்னும் நல்லா கேக்கிற எடத்துல வைங்க.

போட்டு முடிச்சாச்சு. தினமும் எத கண்காணிக்கணும்?

டேஷ்போர்டுல பச்சை லைட் எரியறத பாக்கிறது கண்காணிப்பு இல்ல. ஏபி உயிரோட இருக்குன்னு மட்டும்தான் அது சொல்லும். நான் மொதல்ல பாக்கிறது சேனல் பிஸி சதவீதம், ரேடியோவுக்கு ரேடியோ, மணிக்கு மணி. 50க்கு கீழ நிம்மதி, 70 தாண்டி நின்னா வீடியோ கால் திணற ஆரம்பிக்கும். அடுத்தது ரீட்ரை, அதாவது எத்தனை பேக்கெட் மறுபடி அனுப்ப வேண்டியிருந்துச்சு. 10 சதவீதத்துக்குள்ள இருந்தா ஆரோக்கியம், 20, 30ன்னு போனா சிக்னல் வீக்கா இருக்கு இல்ல ஏதோ இரைச்சல் இருக்கு. இந்த ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும்: பிஸி ஜாஸ்தி ரீட்ரை கம்மின்னா உண்மையிலேயே கூட்டம், ஏபி சேர்க்கணும். பிஸி ஜாஸ்தி ரீட்ரையும் ஜாஸ்தின்னா மோதல், சேனலையும் பவரையும் பாருங்க. பிஸி கம்மி ரீட்ரை ஜாஸ்தின்னா தூரத்து கருவி. ரெண்டுமே கம்மி ஆனா ஜனங்க திட்டறாங்கன்னா பிரச்சனை வைஃபையில இல்ல, பின்னாடி எங்கயோ.

அதுக்கப்புறம் ஒவ்வொரு கருவியும் உள்ள வர எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு துண்டு துண்டா: சேர்றது, பாஸ்வேர்ட் சரிபாக்கிறது, ஐபி அட்ரஸ் வாங்கறது, டிஎன்எஸ் (சைட் பேர அட்ரஸா மாத்திக் குடுக்கிறது). எல்லாத்துக்கும் மேல, நல்லா இருக்கிற நாள்ல இந்த நம்பர் எல்லாத்தையும் எழுதி வைங்க. காய்ச்சல் இல்லாதப்போ என்ன சூடுன்னு தெரியாம காய்ச்சல அளக்க முடியாது.

'நெட் ஸ்லோ'ன்னு ஒருத்தர் வந்து நிக்கிறார். எங்கேர்ந்து தேடறது?

எங்க, எப்ப, எந்தக் கருவி, என்ன பண்ணும்போது, பக்கத்துல இருக்கிறவருக்கும் அப்படித்தானா, இந்த அஞ்சு கேள்விக்கு பதில் வாங்காம ரௌட்டர் பக்கம் கைய கொண்டு போகாதீங்க. ரீஸ்டார்ட் பண்ணிட்டா தடயம் எல்லாம் அழிஞ்சு போயிடும். அப்புறம் அவர் உக்காந்த அதே எடத்துல உக்காந்து கேட்வேக்கு, அதாவது உங்க ரௌட்டருக்கு, பிங் போடுங்க (ஒரு குட்டி செய்தி போய்த் திரும்ப எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்கிறது). அது சீரா 5 மில்லிசெகண்டுக்குள்ள வந்து வெளியில போற பிங் மட்டும் குதிச்சா லைன்ல பிரச்சனை. கேட்வே பிங்கே 200, 300ன்னு தாவினா காத்துல பிரச்சனை. உள்ளயே ஒரு மெஷினை கேபிள்ல போட்டு வேகம் அளக்கிற ஐபெர்ஃப் டூல ஓட்டிப் பாத்தா இன்னும் தெளிவா பிரியும். மேக்ல ஆப்ஷன் கீய அழுத்திக்கிட்டு வைஃபை ஐகானை தொட்டா சிக்னல், இரைச்சல், சேனல் எல்லாம் அங்கயே தெரியும்.

ஒரு படிப்பகத்துல தினமும் பதினோரு மணிக்கு மேல வைஃபை வேலை செய்யலைன்னு புகார், ஏபிய ரெண்டு தடவ மாத்தியும் பாத்துட்டாங்க. நான் போய் உக்காந்தேன், மைனஸ் 52, பிஸி 20 சதவீதம், காத்து சுத்தமா இருக்கு. பதினொண்ணே காலுக்கு உள்ள வந்த ஒரு பையன் ஃபோன்ல பாஸ்வேர்ட் போட்டான், 'ஐபி அட்ரஸ் வாங்குகிறது'ன்னு சுத்திக்கிட்டே நின்னுச்சு. அட்ரஸ் கொடுக்கிற டிஹெச்சிபி லிஸ்ட்ல மொத்தம் 100 அட்ரஸ், ஒருத்தர் எடுத்தா 24 மணி நேரத்துக்கு அவர் பேர்லயே கிடக்கும், போயிட்டாலும் திரும்பி வராது. லிஸ்ட்ட பெருசாக்கி நேரத்த ரெண்டு மணியா குறைச்சோம், அன்னிக்கே முடிஞ்சுது. மாத்திப் போட்ட ரெண்டு ஏபிக்கும் ஒரு குறையும் இல்ல.

வைஃபை இல்லாத வேற எதெல்லாம் தொல்லை குடுக்கும்?

2.4ல மைக்ரோவேவ் அடுப்பு, ப்ளூடூத், வயர்லெஸ் கேமரா, சில பேபி மானிட்டர். வைஃபை கார்டுக்கு இதெல்லாம் வைஃபையா தெரியாது, ஸ்கேன் ஆப்ல லிஸ்ட் காலியா இருக்கும், ஆனா எதுவும் போகாது. அப்போ காத்துல இருக்கிற எல்லா அலையையும் காட்டற ஸ்பெக்ட்ரம் அனலைசர்தான் கதி. ரொம்ப பேருக்கு தெரியாத ஒண்ணு, யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க். அதோட கேபிள்லேர்ந்து 2.4 பக்கம் இரைச்சல் கசியும்னு இன்டெல் 2012லயே அளந்து சொல்லியிருக்காங்க. லேப்டாப்ல டிஸ்க் சொருகினதும் வயர்லெஸ் மவுஸ் தத்தித் தத்திப் போகுதான்னு பாருங்க, போச்சுன்னா அதேதான். கருவிய 5க்கு மாத்துங்க, இல்ல டிஸ்க்க ஒரு முழம் தள்ளி வைங்க.

ஆட்டோ சேனல், ஆட்டோ பவர்ல விட்டுடலாமா?

விடலாம், வேலி கட்டிட்டு. குறைஞ்ச பவர் இவ்ளோ, கூடின பவர் இவ்ளோ, இந்தந்த சேனல் மட்டும், மாத்தணும்னா ராத்திரியில மாத்துன்னு எல்லை போட்டு விட்டா ஒழுங்கா இருக்கும். எல்லையே இல்லாம விட்டு பகல்ல நடு மீட்டிங்ல சேனல் தாவி எல்லாரும் அறுந்து விழுந்தத பாத்திருக்கேன்.

பாதுகாப்புக்கு குறைஞ்சது என்ன வெக்கணும்?

கருவிங்க தாங்கும்னா டபிள்யூபிஏ3ங்கற பூட்டு முறை, இல்லைன்னா டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். டபிள்யூஇபி, டிகேஐபின்னு பழைய பூட்டு முறை இருந்தா இன்னிக்கே எடுத்துடுங்க, அது வேகத்தையும் 54 எம்பிபிஎஸ்ல கட்டிப் போடும். 6 கிகாஹெர்ட்ஸ்ல டபிள்யூபிஏ3தான், இல்லைன்னா பாஸ்வேர்டே இல்லாத ஓப்பன் நெட்வொர்க்குக்குன்னு வந்த ஓடபிள்யூஇ, ரெண்டுல ஒண்ணு கட்டாயம். 2017ல கிராக்னு ஒரு ஓட்டை டபிள்யூபிஏ2ல வெளிய வந்துச்சு, அப்டேட் போட்ட கருவிக்கு பயமில்ல, போடாத கேமராவும் பிரிண்டரும் இன்னும் நெறைய ஓடிக்கிட்டு இருக்கு, அதுங்கள தனி விஎல்ஏன்ல ஒதுக்கி வைங்க.

எவ்ளோ நாளைக்கு ஒரு தடவ திரும்ப சர்வே பண்ணணும்?

நாள் கணக்கு வேண்டாம். சுவர் எழுப்பினா, பீரோ வரிசை மாறினா, ஆள் எண்ணிக்கை கூடினா, பக்கத்து மாடியில புதுசா யாராவது குடி வந்தா ஒரு சுத்து நடங்க. மாத்தும்போது ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம் மாத்துங்க, சேனலையும் பவரையும் சேர்த்து மாத்தினா எதுனால சரியாச்சுன்னு தெரியாது. மாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ, மாத்தினப்புறம் ஒரு தடவ, அதே எடத்துல அதே கருவிய வெச்சு, அதே மாதிரி கூட்டம் இருக்கிற நேரத்துல அளந்து தேதி போட்டு எழுதுங்க. நான் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு நோட்டு வெச்சிருக்கேன், எந்த ஏபி, எந்த உயரம், எந்த சேனல், எந்த ஸ்விட்ச் போர்ட், எப்ப என்ன மாத்தினேன்னு. அடுத்த தடவ ஃபோன் வந்தா மொதல்ல திறக்கிறது அதைத்தான்.